நாற்பது வீடுகளும் ஓம் என்றன

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் தனியார் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில், நான் தொழில்முனைவு என்ற பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கினேன்.

2. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு மாணவி, தனியாக வாழும் வயதானவர்களை வைத்தியரிடம் கூட்டிச்சென்று திரும்ப வீட்டில் விடும் சேவை ஒன்றைத் தன் தொழில் யோசனையாக எடுத்தாள்.

3. பாடத்திட்டம் சொன்னபடி நாற்பது வீடுகளுக்குப் போய்க் கேட்டாள். நாற்பது வீடுகளிலும் ஓம், கட்டாயம் கூப்பிடுவோம் என்றார்கள்.

4. அது போதாது, முற்பணம் கேளும் என்றேன். கேட்டாள். கொடுத்தார்கள்.

5. இதே பாடத்தைப் படிக்கும் பல நாட்டு மாணவர்களுக்கு இணையத்தில் நடந்த போட்டியில் அவளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

6. அடுத்த வாரம், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆறு மாதத்தில் நிரந்தரமாகும் வேலைக்கு அவளுக்குக் கடிதம் வந்தது.

7. எடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம், ஒரு வருடம் சொந்தத் தொழிலைச் செய்து பாரும் என்றேன்.

8. அந்த ஒரு வருடத்தில் ஒருவர்கூட அவளுக்கு வாடிக்கையாளர் ஆகவில்லை.

நான் முன்பு மென்பொருள் பரிசோதகராக வேலை செய்தவள். ஒரு பிழை வந்தால், அதற்கு முன் என்னென்ன செய்தோம் என்பதை இலக்கமிட்டு எழுத வேண்டும். எழுதி முடித்தால் பெரும்பாலும் பிழை எந்தப் படியில் புகுந்தது என்று தெரிந்துவிடும். இதையும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். ஏழாம் படி என்றுதான் நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை மூன்றாம் படியிலேயே இருந்தது. அதைக் கையோடு ஏழு வரைக்கும் கொண்டுவந்தது நான்.

எனக்கு இந்தப் பாடம் வந்தது ஒரு விபத்து. முன்பு கற்பித்தவருக்கு ஆஸ்திரேலியாவுக்கு விசா வந்து, தவணை தொடங்கும் முன்பே அவர் போய்விட்டார். அப்போது நான் அங்கே மென்பொருள் பரிசோதனைக்கு வருகை விரிவுரையாளர். நிறுவனத்தின் பணிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஸ்லைட் எல்லாம் இருக்கு. நீர் வாசிச்சு விளங்கப்படுத்தினாலே காணும்."

"சேர், நான் ஒரு பிஸ்னசும் செய்ததில்லையே."

"நான் மட்டும் செய்தனானே?"

"அப்ப இது என்ன சேர்?" என்று அறையைக் காட்டினேன்.

"இது கல்வி," என்றார். சிரிக்கவில்லை.

அந்த ஸ்லைட்டுகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தயாரானவை. அவர்களோடு உடன்படிக்கை செய்த நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் அதே பன்னிரண்டு வாரம், அதே படங்கள், அதே புள்ளித்திட்டம். ஒரு சொல்லையும் மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. மாதம் ஒரு தடவை கற்பிப்பவர்கள் எல்லாரும் திரையில் கூடுவோம். நைரோபியிலிருந்து ஒருவர், மணிலாவிலிருந்து ஒரு பெண், போலந்திலிருந்து ஒருவர், இன்னும் சிலர். ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை, எனக்குப் பெரும்பாலும் காலி வீதியில் பாடசாலை விடுகிற நேரம். ஹோர்ன் சத்தத்துக்காக ஒலியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் வகுப்பில் ஒரு காகிதத் துண்டு கொடுத்து, இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். பதினெட்டுப் பேர். பெரும்பாலானவர்கள் இந்தப் புள்ளிகளைக் கொண்டு வெளிநாட்டில் இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பதைப் பல மாதிரி எழுதியிருந்தார்கள். ஒரு பையன் நேர்மையாக "கனடா" என்று ஒரு சொல் எழுதியிருந்தான். அவள் எழுதியது இது: "அம்மா கடைக்குப் போறத நிப்பாட்டணும்."

அவளுடைய அம்மா ஆமர் வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதுபவர். அங்கே பில் எழுதுபவருக்குக் கதிரை இல்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை நின்றபடி எழுத வேண்டும். கால் நரம்புகள் புடைத்து, இரவில் காலைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டுதான் படுப்பார். அப்பா இல்லை. வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுக்கு ஒரு வருமானம் வந்ததும் அம்மா நிற்பதை நிறுத்த வேண்டும்.

நான்காம் வாரம் வாடிக்கையாளரைத் தேடிப் போகும் வாரம். விதிகள் இவை: எதையும் விற்க முயலாதே. உன் யோசனையைப் புகழாதே. உட்கார்ந்து கேள். கடைசியாக அந்தப் பிரச்சினை வந்தபோது என்ன செய்தார்கள் என்று கேள். அவர்கள் பேசுவதை இடைமறிக்காதே. ஒவ்வோர் உரையாடலையும் ஒலிப்பதிவு செய்து விரிவுரையாளருக்கு அனுப்பு.

மற்றவர்கள் தங்கள் சிநேகிதர்களையே நாற்பது பேராக ஆக்கினார்கள். அவள் மட்டும் உண்மையாகவே பஸ் ஏறி வந்து, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தொடர்மாடி தொடர்மாடியாக ஏறி இறங்கினாள். இங்கே அப்படியான வீடுகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் லண்டனில், டொரொண்டோவில், சிட்னியில். தாய் மட்டும் அல்லது தாயும் தகப்பனும் மட்டும், மூன்று அறை உள்ள வீட்டில், பூட்டிய இரண்டு அறைகளோடு இருப்பார்கள்.

அவளுடைய பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். பின்னால் கரையோர ரயில் போகும் சத்தம் அடிக்கடி வரும். அவள் கேட்பதில் கெட்டிக்காரி. ஒரு அன்ரியுடன் அவள் பேசியது இப்போதும் என் கணினியில் இருக்கிறது.

"நீர் எந்த இடம் பிள்ளை?"

"கொட்டாஞ்சேனை அன்ரி."

"அம்மா அப்பா?"

"அம்மா கடையில வேல செய்றாங்க. அப்பா இல்ல அன்ரி."

தட்டை நகர்த்தும் சத்தம். பிறகு, "இந்த பிஸ்கட்டை எடு. தேத்தண்ணி ஆறப்போகுது."

"போன தடவ டொக்டர் கிட்ட எப்படிப் போனீங்க அன்ரி?"

"ஓட்டோவில. தனியத்தான். மகன் ஃபோனில சொல்லுவான், அம்மா தனியப் போகாதேங்கோ, ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நான் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? லிஃப்ட்டையோ?"

இருவரும் சிரிக்கிறார்கள். அவள் சிரித்து முடித்து, விதிப்படி சிறிது பொறுத்துவிட்டுக் கேட்கிறாள்.

"இப்படி ஒரு சேவை இருந்தா, நீங்க கூப்பிடுவீங்களா அன்ரி?"

"ஓம் பிள்ளை. கட்டாயம். ஏன் கூப்பிடாமல்?"

நான் வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கட்டாயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்பலப்பிட்டியில் படித்த காலத்தில் எங்கள் பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் பத்து டிக்கெட் விற்க வேண்டும். சீருடையோடு வீட்டுக் கதவைத் தட்டினால் எல்லாரும் வாங்குவார்கள், வருகிறோம் என்பார்கள், அன்று மண்டபம் பாதி காலியாக இருக்கும். ஒருவரையும் நாங்கள் குறை சொன்னதில்லை. வாசலுக்கு வந்த பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாததுதான் அந்த டிக்கெட்டின் வேலை. இன்றும் என் வீட்டு அலுமாரியில் நான் போகாத விழாக்களின் டிக்கெட் இருக்கின்றன.

இதெல்லாம் தெரிந்த நான், அட்டவணையில் நாற்பது வரிசைகளிலும் ஓம் என்று நிரப்பினேன்.

மாதாந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மணிலாப் பெண் சிரித்தார். "எங்கள் ஊரிலும் எல்லாரும் சரி என்பார்கள். பணம் கேட்கச் சொல்லுங்கள், சிறிய தொகையானாலும் போதும். பணம் பொய் சொல்லாது," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

அவள் மறுபடியும் நாற்பது வீடுகளுக்கும் போனாள். முதல் பயணத்துக்கு என்று ஒரு சிறிய முற்பணம், பற்றுச்சீட்டோடு. அந்தப் பதிவுகளையும் கேட்டேன். அதே அன்ரி பேர்ஸைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

"இந்தா பிள்ளை, வைச்சுக்கொள்ளு. உன்ர படிப்புக்குத்தானே?"

பல வீடுகளில் இதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். படிப்புக்குத்தானே, சோதனைக்குத்தானே, மிஸ் கேட்டவாவோ. ஓர் ஐயா பற்றுச்சீட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றையும் கேட்டு, முற்பணம் என்ற நிரலில் சரி அடையாளம் போட்டேன். பரிசோதனையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சோதனை தேறிவிட்டது, ஆனால் சோதித்தது வேறொன்றை. பழைய வேலையில் இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

போட்டியில் அவள் பேசியபோது நான் பக்கத்து அறையில் இருந்து பார்த்தேன். நாற்பதில் நாற்பது, அதுவும் முற்பணத்தோடு. நடுவர்களில் ஒருவர் வாயைப் பிளந்தார். வேறு நாட்டு மாணவன் ஒருவன், தனக்கு ஏழு பேர் கிடைக்கவே மூன்று மாதம் ஆனதென்று பெருமூச்சு விட்டான். இரண்டாம் இடம் என்று அறிவித்த அன்று மாலையே பணிப்பாளர் அவளுடைய படத்தோடு பெரிய பதாகை அடித்து மாடிப்படியில் தொங்கவிட்டார். புடைவைக் கடைக்காரர் தன் கடைப் பெயரை மறைக்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

வேலைக் கடிதம் வந்த நாள் அவள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மிஸ், திங்கக்கெழமக்குள்ள பதில் குடுக்கணும்."

கடிதத்தை வாங்கி வாசித்தேன். ஆவணப் பிரிவு, பயிலுநர், ஆறு மாதத்தில் நிரந்தரம், மருத்துவக் காப்புறுதி, அம்மாவுக்கும் சேர்த்து. நான் வெண்பலகையில் நடுவில் ஒரு கோடு கீறினேன். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் தொழில். வேலையின் பக்கத்தில் நாலு வரி வந்தது. தொழிலின் பக்கத்தில் ஒன்பது. நான் எழுத எழுத அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி ஒரு தொடக்கம் ஆருக்கும் கிடைக்காது. வேலை எப்பவும் எடுக்கலாம். ஒரு வருஷம் செய்து பாரும். நீர் என்ன நினைக்கிறீர்?"

"நீங்க சொன்னா சரி மிஸ்."

"எனக்காகச் சொல்ல வேணாம். உமக்கு விருப்பமோ?"

"ஓம் மிஸ். விருப்பம்தான்."

அதையும் நான் பதிவு செய்துகொண்டேன், மனதில்.

பிறகு தொழில் தொடங்கியது. வார இறுதிகளில் உட்கார்ந்து முன்பதிவுக்கு ஒரு செயலியை நானே எழுதிக்கொடுத்தேன். வைத்தியரின் பெயர், நேரம், எந்த ஒழுங்கை, சக்கரநாற்காலி வேண்டுமா. எழுத்தைப் பெரிதாக வைத்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் செய்தேன். செயலியில் ஒரு முன்பதிவும் வரவில்லை. ஆனால் அவளுடைய ஃபோன் ஓயாமல் அடித்தது.

"பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குக் கண் டொக்டரிட்ட சனல் போட்டிருக்கு. நீ சும்மா இருந்தால் ஒருக்கா வாறியோ?"

"பிள்ளை, இந்த ரிப்போர்ட்டில என்ன எழுதிக் கிடக்கு எண்டு வந்து பாக்கிறியோ?"

"பிள்ளை, சுகமோ? கன நாளாக் காணேல்ல."

அவள் போனாள். எல்லா அழைப்புக்கும் போனாள். நான் கேட்டேன், பில் கொடுத்தீரா என்று. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம். அன்ரி அழுதுகொண்டிருந்தா மிஸ். ஐயாவுக்குத் தலை சுத்து. அவங்க எனக்கு ஒரு சட்டைத்துணி குடுத்தாங்க மிஸ், அதுக்கு மேல எப்படி. எனக்கு எரிச்சல் வந்தது. அவளுக்குத் துணிவு போதாது என்று நினைத்தேன். ஒன்பதாம் வாரத்தில் விலை சொல்லப் பழகுவதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, கண்ணாடி முன் நின்று விலையைச் சொல்ல வேண்டும். அதை அவளுக்கு மறுபடியும் அனுப்பினேன்.

கடைசியில் ஒரு நாள் நானே கூடப் போனேன். ஆரைக் கூட்டிப்போறது, லிஃப்ட்டையோ என்று கேட்ட அந்த லிஃப்ட் அன்ரி. தனியார் மருத்துவமனை, இருதய வைத்தியர். அவள் அன்ரியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பின் வாரைக் குனிந்து சரிசெய்தாள். வரிசையில் இருந்த எவரும் பார்த்தால் சொல்லியிருக்க மாட்டார்கள், இது ஒரு சேவை என்று. பதிவு மேசையில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, அவளைப் பேனாவால் காட்டி அன்ரியிடம் சிங்களத்தில் கேட்டாள், "துவத?" மகளா என்று.

"ஒவ், துவ," என்றார் அன்ரி. ஓம், மகள். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

வெளியே வந்து பக்கத்துக் கடையில் அன்ரி எங்கள் இருவருக்கும் பெட்டிசும் பால்தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். நான் மேசைக்குக் கீழே அவளுடைய முழங்கையைத் தொட்டு, பில் புத்தகத்தை எடும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"மிஸ், இப்ப எடுத்தா அவங்க மொகத்த எப்படி மிஸ் பாக்குறது?"

மேசைக்கு அந்தப் பக்கம் அன்ரி தன் பெட்டிசில் பாதியைப் பிய்த்து அவளுடைய தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அப்போதுதான் விளங்கியது. விற்காதே, உட்கார், கேள், இடைமறிக்காதே என்று நான்தான் அவளை அனுப்பினேன். இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்கு வந்து, விற்காமல், உட்கார்ந்து, நோயையும் தனிமையையும் பற்றிக் கேட்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அவளுக்கு ஒரு பெயர்தான் உண்டு. மகளிடம் பில் வாங்குவது யார்? என் பாடத்தை அவள் மோசமாகச் செய்திருந்தால், இரண்டு கேள்வியோடு எழுந்து வந்திருந்தால், ஒருவேளை பத்து வாடிக்கையாளர் கிடைத்திருப்பார்கள்.

அதன் பிறகும் முயன்றோம். வேறு இரண்டு பெண்களைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தோம். அந்நியர் என்றால் பில் கொடுப்பது எளிதாக இருக்கும் என்பது என் கணக்கு. அன்ரிகள் கதவுக்கு வெளியிலேயே மறித்துவிட்டார்கள். ஒருவர் எனக்கே ஃபோனில் சொன்னார்: "நீர் குறை நினைக்காதேயும். கூலிக்குப் பிடிச்ச ஆளோட நான் லிஃப்ட்டில இறங்கினால் கீழ்வீட்டுச் சனம் என்ன கதைக்கும்? பெத்ததுகள் கைவிட்டிட்டுதுகள் எண்டல்லோ கதைக்கும். அந்தப் பிள்ளை எண்டால் பறுவாயில்லை. அது எங்கட பிள்ளை."

வெளிநாட்டில் இருக்கும் மகன்மாருக்கு, பெற்றோரின் பயணங்களுக்கு மாத சந்தா கட்டலாமா என்று கேட்டு மின்னஞ்சல் எழுதினோம். லிஃப்ட் அன்ரியின் மகன் அன்றே பதில் போட்டார். அம்மா உங்களைப் பற்றித்தான் எப்போதும் கதைக்கிறா, நீங்கள் எனக்குத் தங்கச்சி மாதிரி, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்று. நத்தார் பண்டிகைக்கு ஒரு பெட்டி சொக்லேட் வந்தது. மாத சந்தா பற்றிய பந்திக்குப் பதில் இல்லை.

பத்தாம் மாதம் அவளுடைய அம்மாவைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வீதியை நிறைத்துக்கொண்டு போனது. ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. அவள் ஒரு ஐயாவோடு மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரும் வரை உட்காரவில்லை.

"வாங்க மிஸ். சோடா குடிப்பீங்களா?"

நான் எதற்கு வந்தேன் என்று சொல்ல ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். நான்கு விடயங்கள், ஒழுங்காக. முதலாவதைத் தொடங்கும்போதே அவர் கேட்டார், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு:

"மிஸ், நீங்க யாவாரம் செஞ்சிருக்கீங்களா?"

"இல்லை அம்மா."

"பரவாயில்ல மிஸ். படிச்சவங்களுக்குத் தெரியும்தானே." சோடாவை ஊற்றினார். "எங்க கடையில வர்றவன் எல்லாம் வெலயக் கேட்டுட்டு, நாளைக்கு வர்றேன் அக்கான்னுதான் போவான். மொதலாளி சிரிப்பாரு. நான் பில்லு எழுத ஆரம்பிச்ச புதுசுல, நாளைக்கு வருவாங்கன்னு சாமான எடுத்து வச்சிருக்கேன் மிஸ், ஒருத்தருக்கு. என்னப் பாத்து கடையே சிரிச்சிச்சு."

அவரும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

"அந்தக் கப்பல் ஆபீஸ் வேலைய நான்தான் எடுக்க வேணாம் எண்டு சொன்னனான். அது என்ர பிழை," என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க மிஸ்." கொஞ்சம் யோசித்தார். "அவளுக்கு அந்த வேல ரொம்பப் பிடிச்சிருந்திச்சு. கடிதம் வந்த அன்னைக்கு ஆபீஸுக்குக் கட்டிட்டுப் போகன்னு ரெண்டு சாரி எடுத்து வச்சா. வகுப்பு முடிஞ்சு வந்து மடிச்சு உள்ள வச்சுட்டா. ஏண்டி, மிஸ் கிட்ட ஆசையா இருக்குன்னு சொன்னியான்னு கேட்டேன். எப்படிம்மா சொல்றது, மிஸ் போர்டுல அவ்வளவு எழுதுறாங்க, இவ்வளவு நாள் எனக்காகப் பாடுபட்டவங்க, அவங்க மொகத்துக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னா."

நான் கையில் இருந்த கிளாஸை மேசையில் வைத்தேன். மற்ற மூன்று விடயங்களையும் சொல்லவில்லை. நாற்பது வீடுகளில் அவளுக்குக் கிடைத்ததைத்தான் அவள் எனக்குத் தந்திருந்தாள். நான் விரும்பிக் கேட்டேன், அவள் மரியாதைக்கு ஓம் என்றாள். விருப்பமோ என்று நான் இரண்டாம் முறை கேட்டதும் அந்த முற்பணத்தைப் போலத்தான். அதற்கும் அவள் மறுக்காமல் தந்தாள்.

அடுத்த நாள் காலை அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்துக்கு அவளோடு போனேன். ஆளணிப் பிரிவில் இருந்த பெண் நன்றாக நடத்தினார். அவளுடைய விண்ணப்பக் கோப்பை எடுத்துப் பார்த்தார். அந்த இடம் அப்போதே நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகு புதிதாக ஒருவரையும் எடுக்கவில்லை, இந்த வருடமும் எடுக்கும் யோசனை இல்லை என்றார். கடைசியில், "விபரத்தைத் தந்திட்டுப் போங்கோ, வந்தால் கட்டாயம் கூப்பிடுறம்," என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

பஸ் நிறுத்தத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயோ, என்ன மிஸ் இது. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க," என்றாள். அதை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி என்னிடம் இல்லை. நான் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது தெரியும்.

பாடத்திட்டக் குழுவுக்கு மூன்று பக்கத்தில் எழுதினேன். நான்காம் வாரத்தின் முறை எங்கள் ஊரில் என்ன செய்கிறது, எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும், மாணவர் எதையும் கைவிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இலக்கமிட்டு. நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் அவளுடைய கதையை எல்லாருக்கும் காட்டினார்கள். வாடிக்கையாளரின் அன்பை வெல்வது எப்படி என்பதற்கு எடுத்துக்காட்டாக. ஒரு ஸ்லைட், அவளுடைய படம், நாற்பதுக்கு நாற்பது. நான் ஒலியைத் திறந்து, அந்தத் தொழில் நடக்கவில்லை என்றேன். தலைமை தாங்கியவர், தோல்வியும் கற்றலின் பகுதியே என்று அன்போடு சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போனார். கூட்டம் முடிந்ததும் நைரோபிக்காரர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அவருடைய மிகச் சிறந்த மாணவனும் ஒரு நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன், இப்போது சந்தியில் ஃபோன் ரீசார்ஜ் அட்டை விற்கிறான், அவனைக் கண்டால் தான் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தார். கீழே, "நீங்கள்?" என்று கேட்டிருந்தார்.

இப்போதைய நிலை இது. செயலியை மூடிவிட்டேன். முற்பணத்தை அவள் வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் போனாள், ஒருவரும் வாங்கவில்லை. லிஃப்ட் அன்ரியை மகன் வந்து டொரொண்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஓர் ஐயா இறந்துவிட்டார், செத்தவீட்டில் அவள் மூன்று நாள் நின்று வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் இன்னும் நாலைந்து பேரை வைத்தியரிடம் கூட்டிப்போகிறாள். மற்ற நாட்களில், வேறு வேலை கிடைக்காததால், ஆமர் வீதியில் அம்மா இருக்கும் அதே கடையில் பில் எழுதுகிறாள். இரண்டு பேரும் நின்றபடிதான் எழுதுகிறார்கள். அம்மா இன்னும் வேலையை விடவில்லை. புதிய தவணை தொடங்கிவிட்டது, என் வகுப்பில் இருபத்திரண்டு பேர், அவர்களை வீடு வீடாக அனுப்பும் நான்காம் வாரம் அடுத்த செவ்வாய்க்கிழமை.